வயலின்கள் வராத பதினைந்து நிமிடம்

எனக்கு எங்கும் வலிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் யாராவது வலி வரட்டும் என்று காத்திருக்கலாம். பக்கவாதம் என்றால் ஆள் சுருண்டு விழுவார், கை தூக்க வராது, பேச்சு குழறும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு வந்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஏழு கேமராக்களை நடத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரை அதட்டிக்கொண்டிருந்தேன்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். சிம்பொனி இசைக்குழுக்களின் கச்சேரிகளை, வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்காகப் படம்பிடிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் இயக்குநர். அரங்கத்துக்குப் பின்னால் ஓர் அறை. சுவரில் ஏழு திரைகள், கேமராவுக்கு ஒன்று. என் கைக்கு முன்னால் ஏழு பொத்தான்கள். நான் எதை அழுத்துகிறேனோ அந்தக் கேமராவின் படம்தான் பதிவாகிப் பிறகு வீட்டுக்குப் போகும். புல்லாங்குழல்காரர் மூச்சை இழுக்கும்போதே அவர் முகத்துக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் அவர் கருவியைத் துடைப்பதைத்தான் பார்க்கலாம்.

எனக்கு வலப்பக்கம் மீனா உட்காருவார். பியானோ படித்தவர். ஸ்கோர் (எல்லாக் கருவிகளின் இசைக்குறிப்பும் ஒன்றாக அச்சான புத்தகம்) அவர் முன்னால் விரிந்திருக்கும். அதை வாசித்து எண்ணிக்கொண்டே அடுத்து எந்தக் கேமரா என்று அவர் சொல்வார், நான் அழுத்துவேன். திரைகளை அடுக்குவதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. மேடையில் யார் எந்தப் பக்கமோ, சுவரிலும் அந்தப் பக்கம். முதல் வயலின்கள் மேடையின் இடது ஓரம், ஆகவே அவர்களைப் பிடிக்கும் கேமராதான் ஒன்று. இடது ஓரத் திரை, இடது ஓரப் பொத்தான். ஹார்ப்பும் (ஆளுயரத் தந்திக் கருவி) மீதி வயலின்களும் இரண்டு. மூன்று முழு மேடை. அதிலிருந்து வலப்பக்கம் குழல்கள், செல்லோக்கள், பெரிய பாஸ்கள் (கடைசி இரண்டும் வயலினைவிடப் பெரிய வில் கருவிகள்). மற்ற இயக்குநர்கள் இதைக் கேலி செய்வார்கள். நான் இருபது வருடமாக மாற்றவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமைப் பகல் கச்சேரி. சிம்பொனியின் நான்காம் பகுதி, அதாவது கடைசிப் பகுதி, தொடங்கியது.

"ஷாட் தொண்ணூத்தி ஆறு. கேமரா ஒன்னு" என்றார் மீனா.

நான் நான்கை அழுத்தினேன்.

"அண்ணே, கேமரா ஒன்னு. வயலின்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

இதுதான் என் நோயின் முதல் அறிகுறி. என் கண்முன்னால் நான்கு திரைகள் இருந்தன. எப்போதும் நான்குதான் இருந்தன என்று மூளை அடித்துச் சொன்னது. ஒன்று என்ற சொல் காதில் விழுந்தது. கண்ணுக்குத் தெரிந்ததில் முதலாவது எதுவோ அதை அழுத்தினேன். பதினைந்து நிமிடமும் இப்படியே போனது. வேறு யாராக இருந்தாலும் இரண்டாவது நிமிடத்திலேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் என்பதால் விட்டுவிட்டார்கள். நான் முன்கோபி. திட்டத்தை நடுவில் மாற்றுவேன், காரணம் கேட்டால் எரிந்து விழுவேன். ஒன்றாம் கேமராக்காரர், "டைரக்டருக்கு இன்னைக்கு வயலின் மேல கோவம் லா" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் ஹெட்செட்டில் சொல்லிச் சிரித்தாராம். என் குணம் என் நோயை மறைத்துவிட்டது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு சிடுமூஞ்சி இருந்தால் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்.

கைதட்டல் முடிந்து எழுந்தேன். கதவு நிலையில் இடது தோள் இடித்தது. மறுபடி நகர்ந்தேன், மறுபடி இடித்தது. மீனா குறுக்கே வந்து நின்றார்.

"அண்ணே, சிரிங்க."

"எதுக்கு?"

"சும்மா சிரிங்க லா."

கிண்டலாகத்தான் சிரித்தேன். உதட்டின் இடது ஓரம் மேலே போகவில்லையாம். அவர் உடனே ஆம்புலன்ஸுக்கு ஃபோன் அடித்துவிட்டார். நான் அவரைத் திட்டிக்கொண்டே தள்ளுகட்டிலில் போனேன். அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு, நான்காம் பகுதி தொடங்கிய நேரத்தை மருத்துவரிடம் சொன்னவரும் அவர்தான். அந்த நேரம் தெரிந்திருந்ததால்தான் த்ரோம்பாலிசிஸ் (ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசிவழி மருந்து செலுத்துவது) செய்ய முடிந்தது.

மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. மருத்துவமனையில் தளர்ந்துபோன இடது கையும் காலும் இரண்டு நாளில் ஓரளவு சரியாகிவிட்டன. இவ்வளவுதானா என்று நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் மருத்துவர் ஒரு வட்டம் வரைந்து கொடுத்து, கடிகாரம் போடச் சொன்னார். போட்டேன். பக்கத்தில் நின்ற என் மனைவி ஷரீபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே திணித்திருந்தேன் என்று பிறகு சொன்னாள்.

"உங்கள் கண்ணில் குறை இல்லை. இடப்பக்கத்தை மூளை கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்" என்றார் மருத்துவர்.

"எனக்கு எல்லாம் தெரிகிறதே."

"விடுபட்டது விடுபட்டதாகத் தெரியாது. அதுதான் இதில் சிக்கல்."

இதற்கு நெக்லெக்ட் (பார்வை இருந்தும் ஒரு பக்கம் கவனத்தில் பதியாமல் போவது) என்று பெயர். அவர் பொறுமையாக விளக்கினார். நான் நம்பவில்லை. சாப்பாட்டில் மீனே வைப்பதில்லை என்று தாதியிடம் சண்டை போட்டேன். ஷரீபா தட்டை அரைவட்டம் திருப்பினாள். மீன் வந்தது. அப்போதும் அவள்தான் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தாள் என்று நினைத்தேன்.

நம்ப வைத்தது தொழுகை. கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து லுஹர் (நண்பகல் தொழுகை) தொழுதேன். தொழுகையின் முடிவில் முகத்தை முதலில் வலப்பக்கமும், பிறகு இடப்பக்கமும் திருப்பி ஸலாம் சொல்ல வேண்டும். முடித்துவிட்டு துஆவுக்குக் (வேண்டுதலுக்குக்) கையேந்தினேன்.

"இடது பக்கம் ஸலாம் குடுக்கலையே நீங்க" என்றாள் ஷரீபா மெதுவாக.

"குடுத்தேனே."

"இல்லங்க. வலது பக்கம் திரும்புனீங்க. அப்பறம் நேரா பார்த்தீங்க. அவ்வளவுதான்."

வேலையில் பிழை வந்தால் ஒரு சாக்குச் சொல்லலாம். இது ஏழு வயதில் வாப்பா என் தாடையைப் பிடித்துத் திருப்பிக் கற்றுக்கொடுத்தது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை. அதுவே போய்விட்டது, போனதும் எனக்குத் தெரியவில்லை. பயந்துபோனேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவள் முன்னால் அழுதேன்.

வீட்டுக்குப் போகும் முன் மீனா வந்தார். அந்தக் கச்சேரிப் படத்தை எடுத்துவந்து மடிக்கணினியில் போட்டுக் காட்டினார். முழுவதும் பார்த்தேன். கடைசிப் பகுதி மிகப் பிரமாதமாக இருந்தது. நான் செய்ததிலேயே சிறந்த வேலை என்றுகூடச் சொன்னேன்.

"கடைசிப் பதினஞ்சு நிமிஷத்துல வயலின் ஒரு தடவகூட வரல, அண்ணே."

"வயலின் கேக்குதுல்ல?"

"கேக்குது. யாரு வாசிக்கிறா?"

மடிக்கணினியை மூடினேன். படம் வீட்டு ரசிகர்களுக்கு வெளியாக இன்னும் நான்கு மாதம் இருந்தது. ஒவ்வொரு கேமராவின் படமும் தனியாகவும் பதிவாகியிருக்கும், ஆகவே சரிசெய்துவிடலாம். வேறு ஆளை வைத்து உடனே சரிசெய்யச் சொல்லி அலுவலகத்தில் கேட்கிறார்கள் என்றார் மீனா.

"நான் நிறுத்தி வச்சிருக்கேன். எங்கெங்க தப்புன்னு நீங்களே பார்த்து எனக்கு ஃபோன் பண்ணுங்க. அன்னைக்கு நீங்களே வந்து மாத்துங்க, அடுத்த சீசனும் நீங்கதான். நாலு மாசத்துல ஃபோன் வரலன்னா நான் ஒன்னும் பண்ண முடியாது."

அப்படித்தான் என் இயக்குநர் நாற்காலி அந்தப் பதினைந்து நிமிடத்தில் போய் மாட்டிக்கொண்டது.

எனக்கு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் சிகிச்சை) கொடுத்தவர் தேவி. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் வீடு. தினமும் காலையில் பாலம் தாண்டி உட்லண்ட்ஸ் வழியாக வருவார். என்னை அங்கிள் என்று கூப்பிடுவார், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மேசையில் சிதறிக் கிடக்கும் நட்சத்திரங்களை எண்ணச் சொல்வார். தாளில் குறிப்பிட்ட எழுத்துகளைக் கோடிட்டு அடிக்கச் சொல்வார். ஒவ்வொன்றிலும் இடது பாதி அப்படியே மிஞ்சும்.

"கண்ணு போனா பத்தாது அங்கிள். கழுத்து போகணும். இடது தோளு தெரியிற வரைக்கும் திரும்புங்க."

ஷரீபா தொழுகை விஷயத்தைச் சொன்னாள். தேவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதையே எக்சர்சைஸா வச்சுக்கலாமே" என்றார். தொழுகை எக்சர்சைஸ் இல்லை என்று நான் வெடித்தேன். அவர் உடனே மன்னிப்புக் கேட்டார். அன்று மாலை வீட்டில் யோசித்துப் பார்த்தேன். தொழுகையைப் பயிற்சியாக்க வேண்டாம். ஆனால் வாப்பா என் கழுத்துக்குக் கற்றுக்கொடுத்த அளவு எனக்குத் தெரியும். தோள் தெரியும்வரை, அவசரமில்லாமல். அதே அளவை மற்ற எல்லாவற்றிலும் வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? மறுவாரம் இதை என் சொந்த யோசனைபோலத் தேவியிடம் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

ஷரீபா தொடக்கப்பள்ளி ஆசிரியை. நோட்டில் இடது ஓரம் கோடு போடாமல் எழுதும் பிள்ளைகளை அவளுக்குப் பிடிக்காது. புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் எங்கள் வீட்டில், தொலைக்காட்சியின் இடது விளிம்பில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு டேப் ஒட்டினாள். சாப்பாட்டு மேசையில் ஒன்று. கதவு நிலையில் ஒன்று. "சிவப்பப் பார்க்காம எதையும் பார்த்ததா நெனைக்காதீங்க" என்றாள். அவள் பள்ளிக்குப் போன பிறகு காலை பத்து மணிக்கு நான் கச்சேரிப் படங்களைப் போட்டுக்கொள்வேன். வேறு நாட்டு இசைக்குழுக்கள், வேறு இயக்குநர்கள். முழு மேடையும் காட்டும்போது நிறுத்திவிட்டு எத்தனை பேர் என்று எண்ணுவேன். எனக்கு அரை இசைக்குழுதான் கிடைக்கும். செல்லோக்கள் இருப்பார்கள், பாஸ்கள் இருப்பார்கள். வயலின் இசை மட்டும் ஆளில்லாமல் வந்துகொண்டிருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் நான் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை. டேப்பைப் பார்க்கிறேன் என்று அவளிடம் பொய் சொன்னேன்.

இரண்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுக்குப் போனோம். ஞாயிறு என்றால் அந்த லிட்டில் இந்தியா வட்டாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நடைபாதை முழுக்க விடுமுறையில் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். ஒரு பூக்கடையில் மோதினேன், மாலைகள் சரிந்தன. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினால் ஷரீபாவைக் காணோம். கூட்டத்தில் விட்டுவிட்டாள் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. அங்கேயே நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். இரண்டு முறை, மூன்று முறை.

தொழிலாளி ஒருவர் நின்றார். "யாரண்ணே தேடுறீங்க?"

"என் சம்சாரத்த."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்கு இடப்பக்கம் பார்த்தார். "இந்தா, உங்க கையப் புடிச்சிக்கிட்டுத்தானே நிக்கிறாங்க" என்றார்.

திரும்பினேன். தோள் தெரியும்வரை திரும்பினேன். என் இடது கை அவள் கையில் இருந்தது. எவ்வளவு நேரமாகவோ. நான் கத்தியபோதெல்லாம் அவள் பதில் சொல்லியும் எனக்குப் பதியவில்லையாம். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனாலும், "இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வயலின் தெரியாதது வேறு, இது வேறு.

மறுநாளிலிருந்து ஏமாற்றவில்லை. ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி, சிவப்பு டேப்பைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து வலப்பக்கம் எண்ணினேன். முதலில் ஒரு வில் நுனி தெரிந்தது. அடுத்த வாரம் ஒரு முழங்கை. சில நாள் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு சனிக்கிழமை காலை, நான் நாற்பது முறையாவது பார்த்திருந்த படத்தில், இடது ஓரத்தில் தங்க நிறத்தில் ஆளுயர ஹார்ப் ஒன்று நின்றது.

"ஷரீபா, இங்க வா. இந்த ஹார்ப் எங்கேருந்து வந்துச்சு?"

அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தாள். "அது தெனமும் அங்கதான் நிக்குது" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அன்று நெய்ச்சோறு ஆக்கினாள். தட்டை நானே திருப்பிக்கொண்டேன்.

மூன்றாம் மாதத்தின் கடைசியில், மீனா கொடுத்துவிட்டுப் போன என் படத்தைத் துணிந்து போட்டேன். கடைசிப் பகுதி ஓடியது. கொஞ்ச நேரத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. வயலின்கள் உயிரைக் கொடுத்து வாசிக்கின்றன. திரையில் ஒரு செல்லோக்காரர் சும்மா உட்கார்ந்து தன் முறைக்காக எண்ணிக்கொண்டிருக்கிறார். அடுத்த ஷாட்டில் ஒரு பாஸ்காரர் மூக்கைத் துடைக்கிறார். இசை உச்சத்துக்கு ஏறுகிறது. அந்த நேரம் பார்த்து பஸூன்காரர் குழலைக் கழற்றி உள்ளே துணி விட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார், அதுவும் நிதானமாக, எட்டு வினாடி. முழு மேடை ஒரு தடவைகூட வரவில்லை.

"எந்த மடையன் இத எடிட் பண்ணுனான்?" என்று கத்தினேன்.

ஷரீபா என் இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நீங்கதாங்க" என்றாள்.

எனக்கு நினைவில் இருப்பது நான் சோபாவிலிருந்து துள்ளி எழுந்ததுதான். இத்தனை மோசமான படத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அது மோசம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஷரீபா அழுதுகொண்டே கைதட்டினாள். நான் தாளை எடுத்து, இடது ஓரத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, பிழைகளை எழுத ஆரம்பித்தேன். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. எழுதி முடித்ததும் மீனாவை ஃபோனில் கூப்பிட்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் குறுக்கே பேசவில்லை.

"இன்னும் ரெண்டு விட்டுட்டீங்க" என்றார். "பரவால்ல லா. திங்கக்கெழமை வாங்க."

அந்தப் பதினைந்து நிமிடத்தை நானே திரும்ப வெட்டி ஒட்டினேன். மீனா சொன்ன இரண்டையும் கண்டுபிடித்தேன். வயலின்கள் வந்தன, ஹார்ப் வந்தது, முழு மேடையும் வந்தது. பஸூன்காரர் துடைக்கும் எட்டு வினாடியில் இரண்டு வினாடியை மட்டும் விட்டுவைத்தேன். மீனாவுக்கு அது பிடிக்கவில்லை. என் மூளை போய்த் திரும்பிய இடத்துக்கு ஒரு கல்லாவது நட வேண்டாமா என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். வீட்டில் பார்த்த ஒருவர் அந்த இடம்தான் மிகவும் மனிதத்தன்மையோடு இருந்தது என்று எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. களைத்துப்போனால் இடப்பக்கம் இன்றும் மெல்ல நழுவும். கார் ஓட்டுவதில்லை. முன்பு இடது என்பது தானாக இருந்த ஒரு பக்கம். இப்போது நானே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டிய பக்கம். அதற்குக் கழுத்து திரும்பும் நேரம் கூடுதலாக ஆகிறது. வாசலில், சாலையில், சாப்பாட்டில், எல்லாவற்றிலும். முன்பு அவசரக்காரனாக இருந்தவனுக்கு இது தண்டனை என்று நினைத்தேன். இப்போது அந்த நேரத்தில்தான் பலதைப் பார்க்கிறேன். ஸலாம் சொல்லி இடப்பக்கம் திரும்பும்போது, பின்னால் தொழும் ஷரீபாவின் முக்காட்டு ஓரம் தெரிகிறது. அது எத்தனை வருடமாக அங்கே இருந்திருக்கும்!

புதிய சீசனின் முதல் கச்சேரிக்குப் போனேன். திரைகளின் வரிசையை மாற்றிக்கொள்ளலாமே, வயலினை வலப்பக்கம் வைத்துக்கொள்ளலாமே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். முடியாது என்றேன். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு டேப் மட்டும் ஒட்டினேன். மீனா நான்கு பார் (இசைக்குறிப்பில் ஒரு கட்டம்) முன்னால் சொல்லி வந்ததை, எட்டு பார் முன்னால் சொல்லச் சொன்னேன். என் கழுத்துக்கு அந்த நேரம் வேண்டும்.

விளக்குகள் மங்கின. ஹெட்செட்டில் யாரும் சிரிக்கவில்லை, ஒன்றாம் கேமராக்காரர்கூட. இசை நடத்துநர் கையைத் தூக்கினார். நான் திரும்பினேன். சிவப்புக் கோடு, அதன் பக்கத்தில் முதல் திரை, அதில் தூக்கிய விற்களோடு வயலின்காரர்கள், ஒருவர் விடாமல்.

"ஷாட் ஒன்னு. கேமரா ஒன்னு" என்றார் மீனா.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லி, இடது ஓரப் பொத்தானை இடது கையால் அழுத்தினேன்.